நெட் நாடகத் தாளில் ஜப்பான்: பெண்களிலிருந்து தொடங்குங்கள்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வை நாடகப் பாடத்தில் எழுதியிருந்தேன், முடிவு வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். மயிரிழையில் போயிற்று. எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான முதல் தாளைத்தான் திட்ட வேண்டும். ஆனால் எல்லோரும் பயப்படுகிற ஜப்பான் பகுதி எனக்குக் கைகொடுத்தது, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

கையேடுகளில் நோ (முகமூடி நாடகம்), புன்ராக்கு (பொம்மலாட்டம்), கபுகி (ஆட்டமும் பாட்டும் கலந்த நாடகம்) எனத் தனித்தனிக் குறிப்புகள் இருக்கும். பெண்கள் 'தடை செய்யப்பட்டனர்' என்ற ஒற்றை வரியோடு சரி. எனக்கு வெறும் ஆண்டுகள் மண்டையில் ஏறாது, ஆள் வேண்டும். ஆகவே பெண்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் தானாக ஒட்டிக்கொண்டது.

முதலில் ஷிராபியோஷி என்ற ஆடல் பெண்கள். உயரத் தொப்பி, வெள்ளை உடை, இடையில் வாள் என்று ஆண்கோலத்தில் ஆடியவர்கள். அவர்களில் ஒருத்தியான ஷிசுகா கோசென், தன் காதலன் யோஷிட்சுனேயைத் தேடி ஆள் விட்டிருந்த, அவனுடைய அண்ணன் யோரிதோமோவின் முன்னாலேயே, 1186இல் காமகுராவில், காதலனை நினைத்துப் பாடி ஆடினாள். இதைப் படித்தபின் 12ஆம் நூற்றாண்டு மறக்குமா?

அடுத்து 14ஆம் நூற்றாண்டு. குசெமாய் என்ற, தாளம் தூக்கலான ஆட்டத்தை ஒதோட்சுரு என்ற பெண்ணிடம் கற்று, அதன் தாளக்கட்டை நோவுக்குள் கொண்டுவந்தார் நோவை உருவாக்கியவர்களில் ஒருவரான கன்னாமி. இதை மகன் ஜெயாமியே எழுதி வைத்திருக்கிறார். அப்பா, மகன் இருவரோடு நோவை முடித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் 1603, கியோத்தோ, கபுகியைத் தொடங்கிய ஒகுனி. இசுமோ கோயில் பணிப்பெண் என்று சொல்லப்பட்டவர். வாள் செருகி, கழுத்தில் சிலுவை தொங்க, மிடுக்கான இளைஞனாக வந்து தேநீர்க்கடைப் பெண்ணோடு சரசமாடுவார். அந்தப் பெண்ணாக நடித்தது ஓர் ஆண்! பிற்பாடு ஆண்கள் மட்டுமே ஆடும் கலையான கபுகிக்கு ஆரம்பம் இப்படி.

வழுக்கும் இடங்கள்:
- 1629 கபுகி மேடையில் பெண்களுக்குத் தடை. உடனே ஒன்னகாத்தா (பெண் வேடமிடும் ஆண் நடிகர்) மரபு வந்துவிடவில்லை. இடையில் இளைஞர் கபுகி, அதற்கும் 1652இல் தடை. வரிசைப்படுத்தும் கேள்வியில் இதுதான் ஆளைக் கவிழ்க்கும்.
- தடைக்குக் காரணம் விபச்சாரமும் பார்வையாளர்களின் அடிதடியும். மதம் என்ற விடையைத் தொடாதீர்கள்.
- ஒகுனியிடம் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் இல்லை. நோவின் குழலும் முழவுகளும்தான்.
- அவர் பிறந்த, இறந்த ஆண்டுகள் உறுதியில்லை. மனப்பாடம் வேண்டாம்.

நேரமிருந்தால் கபுகி நடிகர் ஒன்பதாம் டஞ்ஜூரோவின் மாணவியான இச்சிகாவா குமேஹாச்சியையும், 1948இல் நோ கலைஞர் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டதையும் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டுச் சீன ஓபராவுக்குப் போய்விடுங்கள்.