கழித்துக் கிடைத்த எண்

2025 ஜூன் 30, களுவாஞ்சிக்குடி

இன்று காலை வெறும் வயிற்றில் கொலஸ்ட்ரோல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். அதில் பார்க்கப்படுபவற்றுள் உணவு உண்டபின் குறிப்பிடத்தக்க அளவு ஏறுவது ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்பு மட்டுமே. மொத்தக் கொலஸ்ட்ரோலும் ‘நல்ல கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எச்.டி.எல்.லும் ஒரு வேளைச் சாப்பாட்டால் பெரிதாக மாறுவதில்லை. அதனாலேயே 2016 இல் ஐரோப்பிய நிபுணர்கள் வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்று பரிந்துரைத்தார்கள். இருந்தாலும் எனக்குச் சீனியின் அளவையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஜூலை 1

அறிக்கை வந்துவிட்டது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 228, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைட் 240, அதைச் சுமந்து செல்லும் துகள்களிலுள்ள கொலஸ்ட்ரோலான வி.எல்.டி.எல். 48, ‘கெட்ட கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எல்.டி.எல். 144, எல்லாம் டெசிலீற்றருக்கு மில்லிகிராம். கணிதம் கற்பிப்பவனுக்கு 240 இற்குப் பக்கத்தில் 48 நிற்பது கண்ணில் படாமல் போகாது: சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் அந்த 48 ஐயும் கழித்தால் 144 வருகிறது. ஆக, எல்லோரும் அஞ்சும் அந்த எல்.டி.எல். என் இரத்தத்தில் நேரடியாக அளக்கப்படவில்லை. 1972 இல் பிரீட்வால்டும் உடனாய்வாளரும் வெளியிட்ட சூத்திரத்தால் கழித்துப் பெறப்பட்டிருக்கிறது. செலவு குறைந்த வழி என்பதால் அது இன்றும் பரவலாக வழக்கில் உள்ளது. எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் கிடைக்கும் 192, நாடிகளில் படியக்கூடிய கொலஸ்ட்ரோல் அனைத்தையும் சேர்த்துக் காட்டும் எண். அறிக்கையில் அதற்கு ஓர் இடம் இல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஜூலை 3

கல்முனையில் வைத்தியரைப் பார்த்தேன். தெருவில் எல்லோரும் விசாரிக்கும் அந்த 228 ஐ அவர் ஒரு கணம்தான் பார்த்தார். அவர் கேட்டவை வேறு: புகைப்பீர்களா, பிரஷர் எவ்வளவு, வெறும் வயிற்றுச் சீனி எவ்வளவு, அப்பா எந்த வயதில் காலமானார், எதனால்? மாரடைப்பால், 48 வயதில் என்றேன். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் அது தனியாகக் கணக்கில் எடுக்கப்பட வேண்டியது என்று விளக்கினார். எனக்கு வயது 46, சீனி 118, பிரஷர் 138/88. சீனி வருத்தத்தின் வாசலில் நிற்பவர்களிடம் ட்ரைகிளிசரைட் உயர்ந்தும் எச்.டி.எல். தாழ்ந்தும் காணப்படுவது தெற்காசியரிடையே மிகச் சாதாரணமாம். அதே 144, இவை எதுவும் இல்லாத இருபத்தைந்து வயதுப் பெண்ணின் அறிக்கையில் இருந்தால் அவர் பெரும்பாலும் உணவைப் பற்றி மட்டும் பேசி அனுப்பியிருப்பார். எனக்கோ எல்.டி.எல்.லைக் குறைக்கும் அற்றோவாஸ்ரற்றின் 20 மில்லிகிராம் குளிசை எழுதினார். தைரொயிட் குறைபாடும் எல்.டி.எல்.லை உயர்த்தும் என்பதால் அதற்கும் ஒரு பரிசோதனை எழுதித் தந்தார்.

ஜூலை 9

செய்தி பரவிவிட்டது. “இனி இறாலும் நண்டும் உங்கட வீட்டுப் பக்கமே வரப்படாது தம்பி,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வாவியோரத்தில் வாழும் எவருக்கும் இது கடுமையான தண்டனை. ஆனால் இறாலில் கொலஸ்ட்ரோல் நிறைய இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. நம் உடலிலுள்ள கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அந்த ஏற்பிகளைக் குறைக்கிறது, குளிசை அவற்றைக் கூட்டுகிறது. ஆகவே எங்கள் அடுப்படியில் விசாரிக்கப்பட வேண்டியது இறால் அன்று, அது மிதக்கும், நிறைவுற்ற கொழுப்பு நிறைந்த தேங்காய் முதற்பால். எருமைத் தயிரைப் பற்றியும் எழுத வேண்டும். இன்று மனம் வரவில்லை.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், அப்பாவுக்காக விரதம். தம்பி அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்தான். அவனுக்கும் அதே அப்பாதானே என்று சொல்லி, இரத்தம் கொடுக்க ஒப்புக்கொள்ள வைத்தேன்.

ஆகஸ்ட் 10

இலண்டனிலிருந்து பேசிய மைத்துனர், தமக்கு மொத்தக் கொலஸ்ட்ரோல் 5.9 தான் என்று ஆறுதலாகச் சொன்னார். அங்கே லீற்றருக்கு மில்லிமோலில் எழுதுகிறார்கள்; 38.67 ஆல் பெருக்கினால் அது என்னுடைய 228 தான். ட்ரைகிளிசரைட்டுக்குப் பெருக்க வேண்டிய எண் 88.57. இதைச் சொன்னதும் அழைப்பு சுருங்கிவிட்டது.

செப்டெம்பர் 2

மருந்து தொடங்கி 4 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் பார்க்க வேண்டும் என்றபடி மறுபரிசோதனை செய்தாயிற்று. மொத்தம் 160, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைட் 180, ஆகவே எல்.டி.எல். 86. நாற்பது வீதம் இறங்கியிருக்கிறது. குளிசையின் பக்கவிளைவாக வரக்கூடிய தசை வலி எதுவும் இல்லை. குளிசையின் அளவை இரட்டித்து 40 ஆக்கினால் எல்.டி.எல். இன்னும் பாதியாகுமா என்று வைத்தியரிடம் கேட்டேன். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் மேலதிகமாக ஏறத்தாழ 6 வீதமே குறையும் என்றார். இப்போதைக்கு 20 போதும், வயிற்றுச் சுற்றளவைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார்.

தம்பியின் அறிக்கையும் கிடைத்தது. அவனுடைய ட்ரைகிளிசரைட் 430. 400 ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரம் செல்லாது என்பதால் எல்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இட்டிருக்கிறார்கள். அதை நேரடியாக அளக்கும் பரிசோதனைக்கு வரும் திங்கட்கிழமை அவனை வரச் சொல்லியிருக்கிறார்கள்.