மூன்று தேதிகளில் அடங்கிய முதல் ஐந்து குடியரசுத் தலைவர்கள்

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய முதல் வருடம், இந்தியக் குடியரசுத் தலைவர்கள் பட்டியலைப் பாட்டு மாதிரி நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். ரா, ரா, ஜா, கி, ப. ராஜேந்திர பிரசாத், ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், வி.வி. கிரி, பக்ருதீன் அலி அகமது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அப்புறம் ஒரு மாதிரித் தேர்வில் கேள்வி வந்தது: தற்காலிகக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பு வகித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி யார்? கோகா சுப்பாராவ் என்று குறித்துவிட்டு வந்தேன். தப்பு. சுப்பாராவ் 1967இல் தலைமை நீதிபதி பதவியை விட்டு விலகி, ஜாகிர் உசேனை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றவர். விடை ஹிதாயத்துல்லா. என் பாட்டில் அந்தப் பெயருக்கு இடமே இல்லை.

அன்று மாலை நூலகத்தில் உட்கார்ந்து, கிழித்த மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு நீளக் கோடு போட்டேன். பெயர்களை எழுதவில்லை. அவர்கள் பதவியேற்ற தேதிகளை மட்டும் எழுதினேன். 26 ஜனவரி, 13 மே, 24 ஆகஸ்ட், 25 ஜூலை. குடியரசு நாளை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். மீதி மூன்று தேதிகள் ஏன் வந்தன என்று கேட்டால் பாதிப் பாடம் அதிலேயே வந்துவிடுகிறது.

ராஜேந்திர பிரசாத்தை 24.1.1950 அன்று அரசியல் நிர்ணய சபை போட்டியின்றித் தேர்ந்தெடுத்தது. இரண்டு நாள் கழித்துப் பதவியேற்றார். கடைசி கவர்னர் ஜெனரலான ராஜாஜியின் பதவியும் அன்றோடு முடிந்தது. பொதுத்தேர்தல் முடிந்து நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் அமைந்த பிறகுதான் முறைப்படியான முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் 1952இல் நடந்தது. அதில் வென்று அவர் பொறுப்பேற்ற நாள் 13 மே. 1957இல் மறுபடியும் வென்றார். 1962இல் ராதாகிருஷ்ணன், 1967இல் ஜாகிர் உசேன் என்று எல்லோருக்கும் அதே 13 மேதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'போட்டியின்றித் தேர்வானவர்' என்று பொதுவாகக் கேட்டால், தேர்தல் முறைப்படி வந்த நீலம் சஞ்சீவ ரெட்டியைத்தான் (1977) எதிர்பார்ப்பார்கள். 1950 சங்கதி வேறு வகை. கேள்வியை இரண்டு தடவை படியுங்கள்.

ராதாகிருஷ்ணனில் நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. திருத்தணி, செப்டம்பர் 5, முதல் துணைத் தலைவராகப் பத்து வருடம், 1954இல் முதல் தவணையிலேயே பாரத ரத்னா என்று நமக்குப் பள்ளியிலேயே ஊறிப்போன ஆள். நேரம் கொடுக்க வேண்டியது 1969க்கு.

ஜாகிர் உசேன் 3.5.1969 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். இரண்டு வருடம் நிறையப் பத்து நாள் பாக்கி. சட்டப்பிரிவு 65இன்படி துணைத் தலைவர் கிரி பொறுப்பேற்றார். சரி, அவரே தேர்தலில் நிற்க விரும்பி ராஜினாமா செய்தால்? அதற்கு அரசியலமைப்பில் நேரடி விடை இல்லை. இப்படிப்பட்ட நிலைமைகளுக்கு நாடாளுமன்றமே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று பிரிவு 70 சொல்கிறது. அதை வைத்து 1969இல் ஒரு சட்டம் போட்டார்கள். இரண்டு பதவியும் காலியாக இருந்தால் தலைமை நீதிபதி பொறுப்பு வகிப்பார் என்றானது. 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டம் 19 ஜூலை அன்று வந்தது. அதில் கையெழுத்திட்ட கிரி மறுநாள் விலகினார், ஹிதாயத்துல்லா வந்தார். 20.7.1969, மனிதன் நிலவில் இறங்கிய அதே நாள். காலண்டர் தாளில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு பிறை வரைந்து வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் தவறவிட்டதில்லை.

தேர்தலில் கிரி சுயேச்சை. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்ற இந்திரா காந்தியின் பேச்சு இங்கேதான் வருகிறது. இந்தத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்துவார்கள். வெற்றிக்குத் தேவை 4,18,169. முதல் விருப்ப வாக்கில் கிரிக்கு 4,01,515தான். இரண்டாம் விருப்பத்தை எண்ணித்தான் 4,20,077க்கு வந்தார். 'ஒற்றை மாற்று வாக்கு' என்று புத்தகத்தில் இருக்கும் வறட்டு வரி எனக்குப் புரிந்ததே இந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகுதான்.

வாக்காளர்கள் எம்.பி., எம்.எல்.ஏ. என்று சில ஆயிரம் பேர்தானே, லட்சக்கணக்கில் எப்படி என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்பு உண்டு. தமிழ்நாட்டுக்கு ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். 1971 கணக்கெடுப்பு மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, வந்ததை 1000ஆல் வகுத்தால் 176. இதை வெறும் எண்ணாகப் படித்தால் உத்தரப் பிரதேசத்தின் 208ஓடு குழம்பும். போட்டுப் பார்த்தால் குழம்பாது. 1969இல் 1961 கணக்கெடுப்பை வைத்துப் போட்டதால் அந்தத் தேர்தலின் மதிப்புகள் வேறு.

24.8.1969 அன்று கிரி பதவியேற்றார். ஜாகிர் உசேன் விட்டுப்போன மீதி மூன்று வருடம்தான் அவருக்கு என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இடையில் காலியான இடத்துக்கு வருபவருக்கும் முழு ஐந்து வருடம் என்கிறது பிரிவு 62. அதனால்தான் மே போய் ஆகஸ்ட் வந்தது. எம்.பி. இடைத்தேர்தலில் அப்படி இல்லை, மீதிக் காலம் மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

1974இல் வந்த பக்ருதீன் அலி அகமது, துணைத் தலைவராக இல்லாமல் நேரே வந்தவர். அவருக்கு முந்தைய மூவரும் துணைத் தலைவர் நாற்காலியிலிருந்து ஏறியவர்கள். 25.6.1975 நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்து அவருடையது, பிரிவு 352. 11.2.1977 அன்று அவரும் பதவியிலேயே காலமானார். துணைத் தலைவர் பி.டி. ஜாட்டி ஐந்து மாதம் பார்த்துக்கொண்டார். 25 ஜூலை 1977இல் சஞ்சீவ ரெட்டி. அதற்கப்புறம் தேர்வான எல்லோருக்கும் பதவியேற்பு 25 ஜூலைதான். என் காலண்டர் தாளும் அங்கேயே முடிகிறது. அதற்குப் பிந்தியவர்களை மட்டும் பழைய மாதிரி பாட்டாகப் படித்துக்கொண்டேன்.