செயற்கைக்காலோடு செக்வே பழகிய அனுபவம்

சாலை விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த எனக்கு நிற்பது சிரமமில்லை, நடப்பதுதான் சிரமம். பாளையங்கோட்டையில் நான் நூலகராகப் பணிபுரியும் கல்லூரியில் வாயிலிலிருந்து நூலகத்துக்கு 400 மீட்டர் தூரம். சித்திரை வெயிலில் அதை நான்கு முறை நடந்தால், செயற்கைக்காலில் மீதிக் கால் பொருந்தும் உறையான சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்கித் தோல் உரிந்து, மறுநாள் காலை மாட்டவே முடியாது. உயரமான அலமாரிகளுக்கிடையே வேலை செய்பவனுக்குச் சக்கர நாற்காலியும் தோதுப்படவில்லை.

பெங்களூரு வணிக வளாகம் ஒன்றில் காவலர்கள் ரோந்துக்குப் பயன்படுத்திய பழைய செக்வேயை, அதாவது நின்றபடி ஓட்டும் இரு சக்கர மின்வண்டியை, என் மைத்துனர் விலை பேசி வாங்கித் தந்தார். படியேறும் சக்கர நாற்காலிக்காகத் தாம் உருவாக்கிய சமநிலை நுட்பத்தைக் கொண்டு அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001இல் அறிமுகப்படுத்திய வண்டி இது.

நாம் முன்னே சாய்ந்தால், சாய்வை உணரும் கருவிகள் சக்கரங்களை முன்னே உருட்டி நம்மைத் தாங்குகின்றன. மற்றவர்கள் கணுக்காலை மடக்கிச் சாய்கிறார்கள். என் செயற்கைப் பாதத்துக்கு அந்த அசைவு கிடையாது. இடுப்பை மடக்கிக் குனிந்தால் பின்புறம் பின்னே போய்விடுவதால் வண்டி நகராது. முதுகை நிமிர்த்தி இடுப்பையே முன்னே தள்ள வேண்டும் என்பது மூன்றாம் நாள் மாலைதான் பிடிபட்டது.

இன்னொரு தொல்லை, பாதம் பலகையில் சரியாகப் பதிந்ததா என்று தெரியாதது. குனிந்து பார்த்தால் வண்டி கிளம்பிவிடும். கைப்பிடியைப் பிடித்திருந்த காவலாளி ஒவ்வொரு முறையும், "அண்ணாச்சி, கீழ பாக்காதிய" என்று பதறுவார். பலகையின் ஓரத்தில் தடித்த ரப்பர் பட்டை ஒட்டினேன். பாதம் அதில் முட்டும் அதிர்வு சாக்கெட் வழியே முழங்காலுக்குத் தெரிகிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில் என்ற படிக்கட்டுப் பாடமே இதற்கும் பொருந்தியது.

விளையாட்டு வண்டி என்று சொல்லி நிர்வாகம் முதலில் மறுத்தது எனக்கு மிகவும் வலித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் நிறுவனங்களும் ஊழியருக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு, மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து மீண்டும் விண்ணப்பித்தேன். நடை வேகத்தில் மட்டுமே செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. வண்டி ஏறக்குறைய 47 கிலோ என்பதால் நூலக வாசலில் சாய்தளமும் கட்டித் தந்தார்கள்.

ஐப்பசி மழையில் வேப்பிலை ஒட்டிய ஈரத் தரையில் சக்கரம் வழுக்கினால் சமநிலையே போய்விடும் என்பதால் அந்நாட்களில் கைத்தடியோடு நடக்கிறேன். மற்ற நாட்களில், மாலையில் உறையைக் கழற்றும்போது தோல் சிவந்திருப்பதில்லை.