ட்ரக் மவுன்ட்டை நாமே கட்டலாமா?

கனடாவில் பிராம்ப்டனில் இருக்கும் ஒரு தம்பி, கோயம்புத்தூர்க்காரன், கார்பெட் கழுவும் போர்ட்டபிள் மெஷினைப் படியேற்றி இறக்கியே இடுப்பு போய்விட்டது என்று கொஞ்ச நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். போன வாரம் கூப்பிட்டு, "ட்ரக் மவுன்ட் விலை பார்த்தேனுங்ணா. உள்ள என்ன இருக்குது, ஒரு இன்ஜின், ஒரு ப்ளோவர், ஒரு பம்பு. இதுக்கு எதுக்குங்ணா இத்தனை காசு? நாமளே கட்டிக்கலாமில்லீங்களா?" என்றான். பம்புசெட் ஊரில் பிறந்தவன் அப்படித்தான் கேட்பான். நானும் அந்தப் பக்கம்தான், கணபதியில் லேத் பட்டறைச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன், இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கும் முதலில் தோன்றியது இதே கேள்விதான். போனில் அவனுக்குச் சொன்னது பாதி. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்பவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கனடாவில் நிறைய வீடுகளில் சுவரிலிருந்து சுவர் வரை கார்பெட்டைத் தரையோடு அடித்துவிட்டிருப்பார்கள், சுருட்டி எடுத்துக் கொண்டுபோய்த் துவைக்க முடியாது. அதனால் சூடான தண்ணீரை அழுத்தத்தோடு கார்பெட்டுக்குள் பீய்ச்சி, பீய்ச்சிய கையோடு அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இதைச் செய்யும் பெட்டி சின்னதாக, சக்கரம் வைத்து, வீட்டுக்குள்ளேயே பிளக் மாட்டும்படி இருந்தால் அது போர்ட்டபிள். வெளியே நிற்கும் வேனுக்குள் இன்ஜினோடு உட்கார்ந்திருந்து, நீளமான ஹோஸ் மட்டும் வாசல் வழியாக உள்ளே போனால் அது ட்ரக் மவுன்ட்.

போர்ட்டபிள் ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இங்கே சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். அதிகபட்சம் 1,800 வாட். வேலை செய்யும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.8 லிட்டர் தண்ணீர் போகிறது என்று வையுங்கள், குழாயில் வரும் தண்ணீரை 55 டிகிரி கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு மட்டும் 14,600 வாட் வேண்டும். எட்டு பிளக்குக்கும் மேல். அதுவும் ஒவ்வொன்றும் தனித்தனி சர்க்யூட்டில். உறிஞ்சும் மோட்டாருக்கு இன்னும் கணக்கே போடவில்லை. அதனால்தான் பெட்ரோல் இன்ஜின். சின்ன இன்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் சுமார் கால் பங்குதான் ஷாஃப்டுக்கு வருகிறது, மீதியெல்லாம் சைலன்ஸர் வழியாகவும் கூலண்ட் வழியாகவும் சூடாக வீணாகிறது. அந்த வீணாகும் சூட்டைப் பிடித்துத் தண்ணீரைக் காய்ச்சுவதுதான் ட்ரக் மவுன்ட்டின் சூட்சுமம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

சரி, கட்டுவது எவ்வளவு கஷ்டம்?

இன்ஜினையும் ப்ளோவரையும் சேர்ப்பது கஷ்டமே இல்லை. 20, 25 குதிரைசக்தியில் வி-ட்வின் இன்ஜின் கடையிலேயே கிடைக்கும், கோலர், வேன்கார்டு என்று. உறிஞ்சும் வேலையைச் செய்யும் ப்ளோவர் என்பது ரூட்ஸ் வகை. எட்டு எண் வடிவத்தில் இரண்டு லோப்கள், ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றிக் காற்றை அள்ளித் தள்ளும். ஒரு சுவாரஸ்யம், இதைக் கண்டுபிடித்த ரூட்ஸ் சகோதரர்கள் இண்டியானாவில் கானர்ஸ்வில் என்ற ஊரில் கம்பளி மில் வைத்திருந்தவர்கள், 1860-ல் பேட்டன்ட் வாங்கினார்கள். கம்பளி மில்காரர்கள் செய்த கருவி இன்றைக்குக் கம்பளத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இன்ஜினுக்கும் ப்ளோவருக்கும் நடுவே கப்ளிங் அல்லது பெல்ட், பக்கத்தில் இன்னொரு பெல்ட்டில் பம்பு, அதற்கு ஒரு எலக்ட்ரிக் கிளட்ச். வெல்டிங் தெரிந்த யாரும் ஆங்கிள் ஃப்ரேமில் இதை நிறுத்திவிடலாம். யூடியூபில் பார்க்கும் வீட்டுத் தயாரிப்புகள் எல்லாம் இந்த இடம் வரைக்கும் ஜோராகத்தான் இருக்கும்.

அடுத்தது டேங்க். இங்கேதான் முதல் ஆள் விழுவான். அழுக்குத் தண்ணீர் சேரும் டேங்க்குக்குள் வேலை நேரத்தில் 14 இன்ச் பாதரச அளவுக்கு வேக்குவம் இருக்கும், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் டேங்க்கின் ஒரு பக்கம் 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் தட்டையான தகடு என்றால், அந்த ஒரு தகட்டின் மேல் மட்டும் வெளியிலிருந்து ஏறக்குறைய 1.7 டன் அழுத்துகிறது. மெல்லிய தகட்டில் சதுரமாக அடித்து வைத்தால், தண்ணீரைப் பீய்ச்சி உறிஞ்சும் கைக்குழாயை, அதாவது வாண்டை, கார்பெட்டில் அழுத்தி வைத்த நொடியில் காலிக் கூல்டிரிங் டப்பாவை மிதித்த மாதிரி சப்பிப் போகும். உருளையாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் உள்ளே குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்து வெல்ட் அடிக்க வேண்டும். தடுப்பு இருந்தால் வண்டி வளையும்போது தண்ணீர் ஒரு பக்கமாகப் பாயாது, அது வேறு லாபம். அலுமினியத்தில் அடிப்பதாக இருந்தால் டிக் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆளின் கூலிக்கு அப்புறம் வருகிறேன்.

டேங்க் நிறைந்தால் இன்ஜினை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச், நுரையையும் நூலையும் பிடிக்கும் ஃபில்டர், வேக்குவம் எல்லை மீறினால் திறந்து காற்று விடும் ரிலீஃப் வால்வு, இந்த மூன்றையும் யாரும் ஆசையாகப் பேசமாட்டார்கள், ஆனால் ப்ளோவரின் ஆயுசு இவற்றின் கையில்தான். மிதவை ஒட்டிக்கொண்டால் அழுக்குத் தண்ணீர் நேராக ப்ளோவருக்குள். ரிலீஃப் வால்வு இல்லாமல் உறிஞ்சும் வாயை அடைத்துவிட்டால் காற்றோட்டம் நின்று ப்ளோவர் சூடாகி, லோப்கள் விரிந்து ஒன்றோடொன்று உரசும். புது ப்ளோவர் இரண்டாயிரம் டாலருக்கு மேல்.

இதெல்லாம்கூடப் பணமும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும். உண்மையான கஷ்டம் சூடு. இன்ஜின் புகையிலிருந்து கொஞ்சம், கூலண்டிலிருந்து கொஞ்சம், ப்ளோவர் வெளியே தள்ளும் காற்றே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதிலிருந்து கொஞ்சம் என்று மூன்று இடத்தில் பொறுக்கிச் சேர்த்துத்தான் 93 டிகிரி, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் 200 ஃபாரன்ஹீட் கிடைக்கிறது. கிடைத்தால் மட்டும் போதாது. மாடிப்படி கழுவும்போது டிரிக்கரை விட்டு விட்டு அழுத்துவோம், தண்ணீர் ஓடாமல், சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் எக்ஸ்சேஞ்சருக்குள்ளேயே நிற்கும், அப்போது இன்ஜின் நிற்காது, சூடு ஏறிக்கொண்டே போகும். பெரிய ஹாலில் நிறுத்தாமல் இழுக்கும்போது நேர் எதிர், ஓடுகிற வேகத்துக்குச் சூடு ஈடுகொடுக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே வெப்பம் ஒரே மாதிரி நிற்க, அதிகச் சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டேங்க்குக்குத் திருப்பிவிடும் வால்வு, அளவு தாண்டினால் அணைக்கும் ஸ்விட்ச், எக்ஸ்சேஞ்சர் குழாயின் நீளம், விட்டம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ப்ரோகெம், ஹைட்ராமாஸ்டர் போன்ற கம்பெனிகளின் விலையில் நாம் கொடுக்கும் காசில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது என்பது என் அபிப்பிராயம், இரும்புக்கு இல்லை. வீட்டில் கட்டியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கையைத் தூக்கிவிட்டு ப்ரொப்பேன் பர்னர் வைத்துவிடுகிறார்கள். சூடு அருமையாக வரும். ஆனால் ப்ரொப்பேன் சிலிண்டர் இருக்கும் வண்டியைப் பல அபார்ட்மென்ட் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்குகளில் உள்ளே விடமாட்டார்கள், பெட்ரோல் இன்ஜின் பக்கத்தில் திறந்த தீ என்றால் இன்ஷூரன்ஸ்காரரும் முகம் சுளிப்பார்.

இப்போது காசு. ஸ்லைடு-இன், அதாவது வேனுக்குள் அப்படியே தள்ளி வைக்கும் ட்ரக் மவுன்ட், புதுசு சின்னதே பதினைந்தாயிரம் அமெரிக்க டாலர் பக்கம் வரும், பெரியது நாற்பதாயிரத்தைத் தாண்டும். தம்பி பேப்பரில் எழுதிப் பார்த்து, உதிரி பாகமெல்லாம் சேர்த்து ஏழாயிரத்தில் முடித்துவிடலாம் என்றான். பாகங்களுக்கு அது நடக்கலாம். ஆனால் அவன் மனதில் ஓடிக்கொண்டிருப்பது கோவை ஆவாரம்பாளையம் பட்டறைக் கணக்கு. அங்கே ஒரு ஃப்ளேஞ்ச் வேண்டுமென்றால் காலையில் அளவு கொடுத்து, டீ குடித்துக்கொண்டே நின்று, சாயங்காலம் வாங்கிக்கொண்டு போகலாம், பொருந்தவில்லை என்றால் "இன்னும் ஒரு நூல் தட்டிக் கொடுங்க" என்று அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். ஒன்டாரியோவில் மெஷின் ஷாப் கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல், அதுவும் ட்ராயிங் இல்லாமல் போனால் பேசவே மாட்டார்கள். ஒரு புல்லி துளை பெரிதாக்க, ஒரு ஷாஃப்டில் சாவிப்பள்ளம் வெட்ட, டேங்க் வெல்ட் செய்ய என்று போய்ப் போய் வந்தால் சேமித்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். நாமே கட்டுவது லாபம் என்ற எண்ணம் நம் ஊரில் சரி, அங்கே கூலி குறைவு, இரும்பு விலை அதிகம். இங்கே தலைகீழ். ப்ரின்சஸ் ஆட்டோ கடையில் சர்ப்ளஸ் பம்பு, வால்வு எல்லாம் மலிவாக வாங்கிவிடலாம், அதைப் பொருத்தித் தரும் ஆள்தான் விலை.

வேனுக்குள் வைப்பதும் தனிக் கதை. நல்ல தண்ணீர் டேங்க் 380 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 380 கிலோ. அழுக்கு டேங்க் நிறைந்தால் இன்னொரு பங்கு, மெஷின் ஒரு பங்கு. செவி எக்ஸ்பிரஸ் 2500 மாதிரி வேன் தாங்குவது மொத்தம் சுமார் 3,000 பவுண்டு, அதாவது 1,360 கிலோ, அதில் நீங்களும் உங்கள் ஹெல்ப்பரும் சேர்த்தி. இத்தனையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தரைத்தகட்டில் நாலு ஸ்க்ரூ அடித்து வைத்தால் 401 நெடுஞ்சாலையில் ஒரு சடன் பிரேக்கில் எல்லாம் முன் சீட்டுக்கு வந்துவிடும், சேஸிஸ் வரை போல்ட் இறங்க வேண்டும், அடியில் கனமான தகடு வைத்து. பெட்ரோலை வண்டியின் டேங்க்கிலிருந்தே முறையாக எடுக்க வேண்டும், கேனில் வைத்து மெஷின் பக்கத்தில் நிறுத்துவது தற்கொலை. புகைக்குழாய் வாசல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, ஏனென்றால் ஹோஸ் போவதற்காக அந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், கார்பன் மோனாக்ஸைடு நேராக உள்ளே போகும்.

குளிர்காலம் வேறு. மைனஸ் 15-ல் ஒரு ராத்திரி வேனைத் தெருவில் நிறுத்திவிட்டால் பம்பு தலையில் தேங்கிய கொஞ்சம் தண்ணீர் உறைந்து பித்தளையைப் பிளந்துவிடும். கம்பெனி மெஷினில், உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸை உள்ளே இழுத்துச் சுற்றவிட ஒரு வழி வைத்திருப்பார்கள். நாமே கட்டும்போது அதை ஜூலை மாதத்தில் யார் நினைக்கிறார்கள்!

அதனால் நான் செய்ததும், தம்பிக்குச் சொன்னதும், புதுசு வாங்குவதற்கும் நாமே கட்டுவதற்கும் நடுவில். பழைய ஸ்லைடு-இன் ஒன்று, இன்ஜின் போனதாகப் பார்த்து, பழைய சாமான் விற்கும் கிஜிஜி வெப்சைட்டில் வாங்குங்கள். இன்ஜின் போனால் விற்பவர் அதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடத் தயாராக இருப்பார், ஆனால் உள்ளே ப்ளோவர், எக்ஸ்சேஞ்சர், டேங்க், வால்வுகள், அதாவது நம்மால் செய்ய முடியாததெல்லாம் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார்ந்திருக்கும். போன இன்ஜினை மாற்றுவதுதான் நமக்குத் தெரிந்த வேலை. பார்க்கப் போகும்போது டார்ச்சும் ஸ்பேனரும் கொண்டுபோங்கள். ப்ளோவரின் உள்வாய்க் குழாயைக் கழற்றி, வெளிச்சம் அடித்துப் பாருங்கள். லோப் மேல் லேசான பழுப்புத் துரு பரவாயில்லை, தினம் வேலை முடிந்ததும் உள்ளே எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காத ஆள் என்று அர்த்தம், அவ்வளவுதான். பளபளவென்று கோடு விழுந்திருந்தால் லோப்கள் உரசியிருக்கின்றன, வந்த வழியே திரும்பிவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், எந்த இடத்திலும் பிடிக்கக் கூடாது. கியர் பக்கத்து எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எந்த ஊரில் ஓடிய மெஷின் என்றும் கேளுங்கள், குவெல்ஃப், கிச்சனர் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்பு கலந்த கடின நீர், மென்நீர் கருவி இல்லாமல் ஓட்டியிருந்தால் எக்ஸ்சேஞ்சர் குழாய்க்குள் சுண்ணாம்பு பிடித்துச் சூடு பாதியாகியிருக்கும். ஆசிட் விட்டு எடுக்கலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

கட்ட வேண்டும் என்று கை அரித்தால் மெஷினைச் சுற்றி இருப்பதைக் கட்டுங்கள். நல்ல தண்ணீர் டேங்க் ரேக், கெமிக்கல் ஷெல்ஃப், அழுக்குத் தண்ணீரை இறக்கும் குழாய் (சாக்கடைக் கம்பி போட்ட மழைநீர் வடிகாலில் விடக் கூடாது, டொரன்டோவில் அது சட்டப்படி குற்றம், வீட்டு டாய்லெட் லைனில்தான் இறக்க வேண்டும்), முக்கியமாக ஹோஸ் ரீல். ரீல் என்பது இரண்டு வட்டமும் ஒரு பைப்பும்தான், அதற்குக் கம்பெனிகள் போடும் விலை அநியாயம், சனிக்கிழமை மதியம் கராஜில் வெல்ட் அடித்துவிடலாம். நடுவில் சுழலும் அந்த ஸ்விவலை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். 93 டிகிரித் தண்ணீர் 400 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதற்குள் போகிறது, மட்டமானதை மாட்டினால் அது கசிவது, ரீலைச் சுற்ற நீங்கள் குனியும்போது, உங்கள் முழங்கால் மேல்தான்.