மூன்று அங்குலத்துக்காகப் பின் ஆக்ஸிலை மாற்றிய நாட்கள்

ஜூன் 7, சனி

ஈர மணலில் ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தால் நாலு கோடு. இரண்டு கோடுதான் இருந்திருக்க வேண்டும். போன வருஷம் முன்பக்கத்துக்கு அகலமான ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) மாட்டியதில் அங்கே பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் கூடிவிட்டது, பின்பக்கம் அப்படியே நின்றுவிட்டது. முன் சக்கரம் அமுக்கிவைத்த தடத்தில் பின் சக்கரம் போகாமல் உள்ளே தனியாக ஒரு தடம் போட்டுக்கொண்டு வருகிறது, சேற்றில் இது வண்டியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும். நடுவில் கொஞ்ச நாள் பின் சக்கரத்தை வெளியே தள்ளுகிற ஸ்பேசர் வளையம் போட்டுச் சமாளித்தேன். சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்டட் ஒன்று வெட்டிக்கொண்டு போனதும் கழற்றிவிட்டேன், இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை.

வண்டி 1985 டொயோட்டா பிக்கப், அமெரிக்க மாடலில் முன்னாலும் முழு ஆக்ஸில் வந்த கடைசி வருஷம். 1986இல் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் ஆனபோது அதன் அகலத்துக்கு ஈடாகப் பின் ஆக்ஸிலும் அகலமானது. அந்தப் பிந்தைய ஆக்ஸில் ஒன்று இப்போது கையில் இருக்கிறது. டிரம்முக்கு டிரம் டேப் பிடித்தேன், என்னுடையதைவிட மூன்று அங்குலம் அதிகம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

இந்த ஆக்ஸிலில் எனக்குப் பிடித்ததே டிஃபரன்ஷியல் முழுசாக முன்பக்கமாகக் கழன்று வருவதுதான். வந்த ஆக்ஸிலில் இருந்த பல் விகிதம் 4.10, கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தில் 41 பல், அதைச் சுற்றுகிற சின்ன பினியனில் 10. என் வண்டியில் முன்னும் பின்னும் 4.88, அதாவது 39க்கு 8. இதை அப்படியே மாட்டிவிட்டு நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டால் முன்னும் பின்னும் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றப் பார்க்கும், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்டிக்கொண்டு முழிக்கும். இரண்டுமே எட்டு அங்குல கிரவுன், டிஃபரன்ஷியலுக்குள் நுழைகிற ஷாஃப்ட் நுனியில் 30 வரி, அதனால் என் பழைய டிஃபரன்ஷியலைப் புது ஆக்ஸிலின் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) உட்காரவைத்தால் போதும், பல் செட் பண்ணுகிற வேலையே இல்லை.

ஷாஃப்டை இழுக்க பிரேக் லைனைக் கழற்றி, பேக்கிங் பிளேட்டில் நாலு நட். இடது பக்கம் உடனே வந்தது. வலது பக்கம் துருப்பிடித்து நகரவே இல்லை. டிரம்மைத் திருப்பி மாட்டி, அதையே சுத்தியல் மாதிரி வெளியே வெளியே இழுத்து அடித்தோம், பத்துப் பன்னிரண்டாவது அடியில் பொளக்கென்று வந்து தம்பி பின்னால் உட்கார்ந்துவிட்டான். ஆயில் சீல் இரண்டும் மாற்றியாயிற்று.

ஜூன் 11, புதன்

ஹவுசிங்கைக் கழுவித் தேய்த்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 14, சனி

ஸ்பிரிங் பட்டை உட்காருகிற பழைய சீட்டை ஆக்ஸிலிலிருந்து கிரைண்டரில் வெட்டி எடுத்தோம். அப்படியே மாட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். வண்டி உயர்த்தியது, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற ஜாயின்ட் ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட். அந்த மாதிரி ஷாஃப்டுக்குப் பினியன் மூக்கு நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும், இரண்டு டிகிரி மட்டும் கீழே. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கு மேலே எழும், அதற்குத்தான் அந்த இரண்டு டிகிரி. அதனால் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதேதான், சாய்வு மட்டும் புதுசு.

அளந்தோம், புது சீட்டை நாலு இடத்தில் பொட்டு வெல்டு வைத்தோம், அழகாக இருந்தது. அப்புறம்தான் தம்பி கேட்டான்: “அண்ணா, வண்டி ஸ்டாண்டுல இருக்கே, பட்டை தொங்குதே?”

சேசிஸை ஸ்டாண்டில் தூக்கி வைத்துப் பட்டை கீழே தொங்கும்போது எடுத்த சாய்வு அது. வண்டி தன் எடையில் தரையில் நின்றால் அது வேறு. எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, அதுதான் எரிச்சல்.

ஜூன் 15, ஞாயிறு

பொட்டைத் தட்டி எடுத்தேன். இந்த முறை சீட்டை வெல்டு வைக்காமல் யு போல்ட்டை இலேசாக இறுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, பின்னால் ஏறி நின்று நாலு குதி குதித்து, பட்டை அடங்கின பிறகுதான் போன் லெவலைப் பினியன் முகத்தில் ஒட்டினேன். நேற்று வைத்ததற்கும் இதற்கும் கிட்டத்தட்ட நாலு டிகிரி வித்தியாசம். நேற்றே முழு வெல்டு அடித்திருந்தால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

பொட்டு வைத்து, மறுபடி கழற்றி, முழு வெல்டு. ஒரேயடியாக ஓட்டினால் குழாய் சூட்டில் வளைந்துவிடும், அதனால் இங்கே ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம், கை வைக்க முடிகிற அளவு ஆறட்டும், பிறகு அடுத்தது. மதியம் முழுக்க இதிலேயே போயிற்று.

ஜூன் 21, சனி

எல்லாம் மேலே ஏறியது. பிரேக் ஏர் எடுத்தாயிற்று. பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வின் கம்பி, உயர்த்தின வண்டியில் ‘காலி வண்டி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது, பிராக்கெட் ஒன்று வெட்டி அதையும் உயர்த்தினேன்.

ஆயில் விஷயத்தில் ஒரு சங்கதி. மூக்கை மேலே தூக்கியதில் ஹவுசிங்கின் பின்பக்கத்து ஆயில் துளை கீழே இறங்கிவிட்டது. வழக்கம்போலத் துளை வழியே வழிகிற வரை ஊற்றினால் அளவு குறையும், மேலே ஏறி நிற்கிற பினியன் பெயரிங்குக்கு ஆயில் எட்டாது. துளையை மூடிவிட்டு மேலே பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாக இன்னும் அரை லிட்டர் விட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

அதே மணல். இரண்டே கோடு! இறங்கி நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி சிரித்தான்.

பக்கச் சரிவில் முன்பெல்லாம் வயிற்றைப் பிசைகிற இடத்தில் இன்று அவ்வளவு இல்லை. டயர் உள்பக்கம் உரசி உரசிப் பட்டை ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும், இன்று அந்த இடத்தில் தூசி அப்படியே இருந்தது. பதிலுக்கு வெளிப்பக்கம் மட்கார்டு விளிம்பில் டயர் ஒரு கோடு கிழித்திருக்கிறது, அதை வெட்ட வேண்டியதுதான். திரும்பி வந்து யு போல்ட்டை இறுக்கிப் பார்த்தால் நாலு போல்ட்டில் மூன்று, ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கிக்கொண்டது.

ஹேண்ட் பிரேக் கேபிள் இன்னும் எட்டவில்லை. அது வரைக்கும் மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குப் பின்னால் கல்.