வார்ஃபரின்: ‘நார்மல்’ என்று வந்த ஜீன் ரிப்போர்ட்டை எப்போது நம்பக்கூடாது?

வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு இது சராசரியாக நாளைக்கு 6 மி.கி. வரை தேவைப்படுகிறது. வெள்ளையர்களுக்கு 5 மி.கி., ஆசியர்களுக்கு மூன்றரை போதும். இதில் பெரும்பங்கு விகேஓஆர்சி1 ஜீனுடையது. வார்ஃபரின் முடக்குவது இந்த ஜீன் தரும் நொதியைத்தான். குறைந்த டோஸே போதும் என்றாக்கும் இதன் ‘ஏ’ வடிவம் ஐரோப்பியர்களிடம் சுமார் 40 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 10 சதவீதம்தான்.

‘கறுப்பினத்தவரா, டோஸை ஏற்று’ என்று இதோடு நிறுத்திக்கொண்டால் சிலருக்கு ரத்தக்கசிவு வரும். மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி9 நொதி. அதை மந்தமாக்கும் ஜீன் வடிவங்களில் (‘ஸ்டார்’ எண் இட்டுச் சொல்வார்கள்) ஸ்டார் 2, ஸ்டார் 3 இரண்டும் ஐரோப்பியர்களிடம் அதிகம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பார்க்க வேண்டியவை ஸ்டார் 5, 6, 8, 11. அதிலும் 8 முக்கியம். பல லேப்கள் 2, 3 மட்டும் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் ‘ஸ்டார் 1’, அதாவது நார்மல், என்று எழுதிவிடும். தேடாததை இல்லை என்று சொல்லும் ரிப்போர்ட் அது.

விளைவு 2013-ல் வெளியான ‘கோக்’ ஆய்வில் தெரிந்தது. 1,015 பேரில் கால்வாசிக்கு மேல் கறுப்பினத்தவர். சோதித்ததோ விகேஓஆர்சி1, ஸ்டார் 2, ஸ்டார் 3 மட்டும். ஜீன் பார்த்து டோஸ் போட்ட கறுப்பினத்தவருக்கு முதல் நான்கு வாரங்களில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு; ஏறினால் ரத்தக்கசிவு அபாயம்) சரியான வரம்பில் இருந்தது 35.2 சதவீத நேரம். ஜீன் பார்க்காமல் வயது, எடை போன்றவற்றை வைத்துப் போட்டவர்களுக்கு 43.5 சதவீதம். அரைகுறை டெஸ்ட்டை விட டெஸ்ட் இல்லாமலிருப்பதே மேல் என்றாகிவிட்டது.

அதே ஆண்டு இன்னொரு மரபணு மாற்றமும் பிடிபட்டது: ஆர்எஸ்12777823. ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் இதன் ‘ஏ’ வடிவம் ஒரு பிரதி இருந்தால் வாரத்துக்குச் சுமார் 7 மி.கி., இரண்டு இருந்தால் 9 மி.கி. குறைவாகத் தேவைப்படும். மற்ற இனத்தவரிடமும் இந்த மாற்றம் உண்டு, ஆனால் அவர்களுடைய டோஸை அது அசைப்பதில்லை.

2017-ன் சிபிக் (ஜீன் பார்த்து மருந்து தருவதற்கு வழிகாட்டும் நிபுணர் குழு) வழிகாட்டுதல் இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஸ்டார் 5, 6, 8, 11 சோதிக்கப்படவில்லை என்றால் ஜீனை வைத்து டோஸ் போடாதே. சோதித்ததில் அவை இருந்தால், கணக்கிட்ட டோஸில் ஒவ்வொரு பிரதிக்கும் 15–30 சதவீதம் குறை. ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் ஆர்எஸ்12777823 ‘ஏ’ இருந்தால் 10–25 சதவீதம் குறை. கணக்கில் வாரத்துக்கு 42 மி.கி. வந்தவருக்கு ஒரு ஸ்டார் 8 இருந்தால் 29 முதல் 36. கூடவே ஆர்எஸ்12777823 ‘ஏ’யும் இருந்தால் 22 முதல் 32 மி.கி.

மருந்து மெதுவாக வெளியேறுகிறவர்களுக்கு ஐஎன்ஆர் நிலைப்படவும் நாளாகும். ஐந்தாம் நாள் 1.6தான் இருக்கிறதே என்று டோஸை ஏற்றினால், அது பிறகும் ஏறிக்கொண்டே போய் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் 4-ஐத் தாண்டலாம்.