"பைக்ல விழுந்தான்னு சொல்லிடுங்க"

கோவை கணபதி பக்கம் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தது. சேர்ந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவன், அஞ்சு இன்ச் கிரைண்டரில் ஏழு இன்ச் கட்டிங் வீலை மாட்டி இரும்பு ஆங்கிள் அறுத்துக்கொண்டிருந்தான். வீலை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு, அதாவது கார்டு, இருந்தால் பெரிய வீல் உட்காராது, அதனால் கார்டைக் கழற்றிவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். ஏழு இன்ச் வீல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,500 சுற்றுதான் தாங்கும், அந்த மிஷினோ 11,000 சுற்றும். வீல் மேலேயே அச்சடித்திருக்கும், யார் படிக்கிறோம்? வீல் இறுகி மிஷின் உதறியதில் இடது ஆள்காட்டி விரலின் மேல்கணு போய்விட்டது.

ஒருவர் காப்பித்தூளோடு ஓடி வந்தார், தடுத்துவிட்டேன். சுத்தத் துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னது வரை சரி. அப்புறம் செய்ததுதான் தப்பு. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, டம்ளரில் கொட்டி, விரல் துண்டை நேராக அதற்குள் வைத்தேன். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். கிரைண்டர் சிதைத்த விரல் எப்படியும் ஒட்டியிருக்குமோ என்னவோ, டாக்டர் அந்த டம்ளரைப் பார்த்த பார்வை மறக்கவில்லை.

வழியிலேயே முதலாளி போன். "பைக்ல விழுந்தான்னு சொல்லிடுங்க, செலவை நான் பார்த்துக்கறேன்." தம்பிக்கு இன்னும் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) நம்பர் போடவில்லை, அதுதான் பயம். கேஷுவாலிட்டியில் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவு, எழுதும்போது எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். அங்கே பைக் என்று எழுதிவிட்டால் பிறகு எந்த ஆபீஸ் படியேறினாலும் அது பைக்தான். தம்பி என் முகத்தைப் பார்த்தான். பட்டறை, கிரைண்டர் என்றே எழுத வைத்தேன்.

வேலையில் அடிபட்டால், இத்தனை மாசம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கே ஈஎஸ்ஐயில் கிடையாது, முதல் நாள் அடிபட்டாலும் உண்டு. முதலாளி பதியாமல் விட்டிருந்தால், ஈஎஸ்ஐயே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம். வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். விரலுக்குத் தனிக் கணக்கு, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்று: ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் 9 சதவீதம், முழு விரல் 14, கட்டைவிரல் 30. விபத்து ரிப்போர்ட்டை முதலாளிதான் போட வேண்டும். எங்கள் ஆள் நாலு நாள் இழுத்தடித்து, முனகிக்கொண்டே போட்டார், என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

தம்பி அந்த ஏ.ஆர். காப்பியை லேமினேட் செய்து வைத்திருக்கிறான். ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் போதும்டா என்றேன், கேட்கவில்லை.